செவ்வாயில் கரடி இல்லை

நான் இப்போது பார்க்கும் வேலையை எனக்கு முன்னால் பார்த்தவன் என் அத்தை மகன் சகியாசி. அந்த வேலையில் சேருகிறவன் முதலில் பழக வேண்டியது, இல்லாமல் இருப்பது. வேலைக்கு மட்டம் போடுவதைச் சொல்லவில்லை. கையில் துப்பாக்கியோடும் பக்கத்தில் நாயோடும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நிற்க வேண்டும். ஆனால் இருக்கக் கூடாது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கோடையிலும் தெற்கிலிருந்து ஆறு பேர், வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவுக்கு வருகிறார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர்களை அனுப்பப் போகிறார்களாம். அதற்கு முன்னால் இங்கே இருந்து பழகிப் பார்க்கிறார்கள். தீவின் நடுவில், எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து கல் விழுந்து உண்டான பெரிய பள்ளம் இருக்கிறது. அதன் கரையில் பால் டின்னை நிமிர்த்தி வைத்தது போல ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். வெளியே வருவதென்றால் அடுக்கடுக்காக உடுப்பு மாட்டி, தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு, ஆடி ஆடி நடந்து போய் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவார்கள். அந்த மாதிரிக் கல்லை என் மகன் தினமும் பத்துத் தடவை நாயின் மேல் எறிவான்.

முதல் வருடம் பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டு எங்களுக்கு விளக்கினார்கள். தலைவி ஒடெட் என்கிற விஞ்ஞானி. நல்ல பெண்தான், விதி என்றால் மட்டும் உயிரை விடுவாள்.

"உலகத்துலயே செவ்வாய் மாதிரி இருக்கற இடம் உங்க இடம்தான். குளிரு, காத்து, வறட்டுக் கல்லு. மனுஷன் வாழவே முடியாது" என்றாள்.

நாங்கள் ஊர் மொத்தமும் பிள்ளை குட்டிகளோடு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். கோபமெல்லாம் வரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் வந்தவர்கள் துருவத்தைத் தேடி வந்தார்கள். அப்பா காலத்தில் எண்ணெயைத் தேடினார்கள். இவர்கள் செவ்வாயைத் தேடுகிறார்கள். வருகிறவர்கள் எதையாவது தேடத்தான் செய்வார்கள், எங்களுக்கும் பொழுது போகும்.

ஆனால் செவ்வாயில் கரடி கிடையாது, எங்கள் தீவில் உண்டு. வெள்ளைக் கரடிக்கு ஒத்திகை என்றால் என்னவென்று தெரியாது. அதனால் ஒரு காவலாளி வேண்டும் என்றார்கள். இங்கேதான் சிக்கல். கரடியே இல்லாத கிரகத்தில் கரடிக் காவலாளி எப்படி இருப்பான்? ஒடெட் யோசித்து ஒரு விதி போட்டாள். காவலாளி இல்லை. அவனை யாரும் பார்க்கக் கூடாது, அவனோடு பேசக் கூடாது, எதிரே வந்தால் காற்று வந்தது என்று நினைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

இதற்குக் கொஞ்சமும் ஆகாத ஆள் ஒருவரை ஊரில் தேடிப் பிடிக்கச் சொல்லியிருந்தால் எல்லோரும் சகியாசியைத்தான் காட்டியிருப்போம். அவன்தான் முதல் ஆளாகக் கை தூக்கினான்.

சகியாசி பிறந்தபோது அழவில்லை, கதை சொன்னான் என்று என் அத்தை சொல்வாள். அவனைச் சீல் வேட்டைக்கு யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். கடல் மேல் உறைந்த பனியில் சீல் மூச்சுவிட வரும் துளைக்குப் பக்கத்தில் கல்லாகச் சமைந்து நிற்க வேண்டும். இவன் அந்தத் துளையைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவான். அவன் மனைவி இறந்த பிறகு இன்னும் மோசம். வீட்டில் கேட்க ஆளில்லாமல் வீதியில் போகிறவர்களிடம் எல்லாம் பேசினான். நான் ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் பேச்சு முடியாது.

ஆனால் ஒன்று. ஆமாம், இல்லை இரண்டுக்கும் எங்களுக்கு வாய் தேவையில்லை. புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. வாயால் சொல்லவும் சொல் இருக்கிறது. 'ஈ' என்று ஒரே எழுத்து, அதுதான் ஆமாம். அதற்குக்கூட யாரும் வாயைத் திறந்து குளிரை உள்ளே விடுவதில்லை. சகியாசி ஓட்டை வாயனாக இருந்தாலும் இதில் ஊரோடு ஒத்தவன். அவன் வாயால் 'ஈ' என்று நான் கேட்டதே இல்லை.

அவன் எனக்கு மச்சான். மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரையொருவர் சும்மா விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அவன் படகுக்கு எஞ்சின் சொல்லிவிட்டு நாள்கணக்காகக் காத்திருந்தபோது, "மச்சான், விமானத்துல உன் எஞ்சின் வந்துருக்குடா" என்று ரேடியோவில் சொன்னேன். பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜைக் கட்டிக்கொண்டு, நாலு பேரை உதவிக்கு அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்திருந்தது குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் பெட்டி. அதிலிருந்து நான் காலை வணக்கம் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

இனி லூட்டி. பெயர்தான் லூட்டி, அவள் லூட்டி அடித்து யாரும் பார்த்ததில்லை. கணவன் போய்ப் பல வருடமாயிற்று. மகள் தெற்கே ஒட்டாவாவில். கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருந்தாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டாள். ஒடெட் அவளைக் கோடைகாலத்துக்குப் பூமியாக வைத்துக்கொண்டாள்.

பூமி எங்கள் பொதுக்கூடத்தின் பின்னறையில் இருந்தது. ஒரு மேசை, ஒரு ரேடியோ, ஒரு கெட்டில். செவ்வாயிலிருந்து பேசினால் பூமிக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆகுமாம். அதனால் இங்கேயும் ஒரு பெட்டியை நடுவில் வைத்துப் பேச்சை இருபது நிமிடம் பிடித்து வைத்து அனுப்பினார்கள். "எப்படி இருக்கீங்க" என்று லூட்டி கேட்டால், "நல்லா இருக்கோம்" என்று பதில் வர நாற்பது நிமிடம். தொலைவில் தனியாக இருப்பவர்களுக்கு அப்படிக் காத்திருக்கப் பழக்கம் வேண்டுமாம்.

சகியாசிக்கும் ஒரு கைரேடியோ கொடுத்தார்கள். அதில் இரண்டு பொத்தான். கறுப்புப் பொத்தானை அமுக்கினால் பேச்சு அந்தப் பெட்டி வழியாகப் போகும். தினமும் மதியம் ஒரே ஒரு முறை அதை அமுக்கி, "கரடி இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அனுமதி இல்லை. சிவப்புப் பொத்தான் மேல் டேப் ஒட்டியிருந்தது. உண்மையிலேயே கரடி வந்தால் டேப்பைக் கிழித்து, "கரடி, கரடி, கரடி" என்று கத்த வேண்டும். உடனே நடுப்பெட்டி அணைந்துவிடும். செவ்வாய் செவ்வாயாக இருக்காது, பேச்சு நேரடியாக வரும், எல்லோரும் குடத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஓட வேண்டும். விளையாட்டுக்கு அதைத் தொட்டால் அன்றைக்கே வேலை போகும் என்று ஒடெட் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் முழுவதும் பேச வேண்டியதை இரண்டு சொல்லில் அடக்கச் சொன்னால் சகியாசி போன்ற மனிதன் என்ன செய்வான்? அந்த இரண்டு சொல்லிலேயே எல்லாவற்றையும் பேசினான். மழை வந்தால் ஒரு "கரடி இல்லை". பல்வலி என்றால் ஒன்று. நல்ல மீன் கிடைத்த அன்று அதைப் பாடவே செய்தான். எங்கள் ஊரில் ஒவ்வொரு சமையலறையிலும் ரேடியோ அணையாமல் இருக்கும். மதியம் ஆனால் எல்லோரும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்குக் கரடி எப்படி இல்லை என்று காது கொடுப்போம்.

பூமி பதில் சொல்லும்.

"சரி. கரடி இல்லை."

முதல் கோடையில் லூட்டி அதைக் கல்லாவில் மீதிச் சில்லறை கொடுப்பது போலச் சொன்னாள். இரண்டாவது கோடையில் அந்த 'சரி' கொஞ்சம் நீண்டது. மூன்றாவதில், "சரி சரி, கரடி இல்லை" என்றாள். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது கல்யாணத்துலதான் போய் முடியும்" என்றாள்.

முடியவில்லை. கோடை முடிந்து ஊருக்கு வந்தால் சகியாசி லூட்டியின் வீட்டுக்குப் போவான், டீ குடிப்பான், காற்றைப் பற்றிப் பேசுவான், ஒடெட்டின் உடுப்பில் எத்தனை ஜிப் என்று பேசுவான், எழுந்து வந்துவிடுவான். அதை மட்டும் பேச மாட்டான்.

"கேளேன்டா, என்ன பயம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவ மூக்கைச் சுருக்கிட்டா என்னடா பண்றது?" என்றான். "அப்புறம் டீ குடிக்க எங்க போவேன்?"

அதற்கு நான் செய்த கேலியை இங்கே எழுத முடியாது.

நான்காவது கோடையில் லூட்டியின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அம்மா வந்து தன்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். லூட்டி அந்த வசந்தம் முழுக்கக் காத்திருந்தாள். டீ ஊற்றி ஊற்றிக் காத்திருந்தாள். சகியாசி காற்றைப் பற்றிப் பேசிவிட்டுச் செவ்வாய்க்குப் போய்விட்டான். அவள் வீட்டைக் காலி செய்து, சாமானைக் கட்டி, வியாழக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு மதியம் வழக்கம் போல "கரடி இல்லை" வந்தது. ஏதோ சந்தோஷத்தில் இருந்தான், கடைசியில் ஒரு விசில் கூட. லூட்டி மைக்கை எடுத்தாள். ஊரின் சமையலறைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

"சகியாசி, நான் பேசறேன். பூமி இல்ல, லூட்டி. இன்னைக்கு விமானத்துல மககிட்டப் போறேன். போனா வர மாட்டேன். நீ என்னைக் கட்டிக்கறதா இருந்தா இன்னைக்குப் போகல. பிரசவத்துக்கு மட்டும் போயிட்டுத் திரும்பி வந்துருவேன். கட்டிக்கிறியா? இதுக்கு மட்டும் பதில் சொல்லு. காத்தைப் பத்தி வேணாம்."

மைக்கை வைத்துவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பத்து நிமிடத்தில் பொதுக்கூடம் நிறைந்துவிட்டது. அவளுடைய சாமானை ஏற்ற நான் லாரியோடு அங்கேதான் இருந்தேன். விமானம் வந்து நின்றிருந்தது. கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. விமானி இரண்டு முறை கதவில் தலையை நீட்டி, "அம்மா, மூடிக்கிச்சுன்னா அப்புறம் நகர முடியாது" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறை வந்து தானும் உட்கார்ந்துகொண்டான்.

பதில் வரும் நேரம் வந்தது. ரேடியோப் பெட்டியில் கறுப்புப் பொத்தானை அமுக்கிய சத்தம். காற்று. நாய் ஒருமுறை குரைத்தது. பொத்தானை விட்ட சத்தம். அவ்வளவுதான்.

என் மனைவி துள்ளி எழுந்தாள்.

"சொல்லிட்டான்! புருவத்தைத் தூக்கிட்டான்!"

"ரேடியோவுலயா?" என்றான் விமானி. அவன் தெற்கத்திக்காரன், பாவம்.

"மூக்கைச் சுருக்கியிருந்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. புருவக் கட்சி ஒரு பக்கம், மூக்குக் கட்சி ஒரு பக்கம், கால் மணி நேரம் சண்டை.

"நாய் குரைச்சுதே, சந்தோஷம் இல்லாமயா குரைக்கும்?" என்றாள் என் மனைவி.

"அவன் மூக்கைச் சுருக்கினா எந்த நாயும் பயந்து குரைக்கும். நான் பார்த்திருக்கேன்" என்றேன் நான். கூடம் சிரித்தது.

லூட்டி சிரிக்கவில்லை. அவள் கை துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இன்னொரு தடவை கேளு லூட்டி" என்றேன்.

"நாலு வருஷமாக் கேக்காம கேட்டேன். இன்னைக்கு வாயை விட்டும் கேட்டாச்சு" என்றாள். "உலகத்துல எல்லாத்துக்கும் வாயிருக்கு அவனுக்கு. இதுக்கு மட்டும் இல்லைன்னா, நான் எதுக்குடா இங்க நிக்கணும்? பையைத் தூக்கு, எட்டுவாட்."

நான் தூக்கவில்லை. அவளே தூக்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைச் சகியாசி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும், நான் சுருக்கித் தருகிறேன். அவள் குரலைக் கேட்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்தானாம். ஒரு பாறையில் உட்கார்ந்தான். பொத்தானை அமுக்கினான். வாழ்க்கையில் இதுவரை தூக்காத உயரத்துக்குப் புருவத்தைத் தூக்கினான். பொத்தானை விட்டான். விட்ட பிறகும் புருவத்தை இறக்கவில்லை. பதில் சொல்லியாயிற்று, இனி அவள் முறை என்று ஏதோ பெரிய காரியம் முடித்த நிம்மதியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். நாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

நாற்பது நிமிடம் போயிற்று. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக் குடம் மாட்டிய ஒருவர், கல் பொறுக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்தார். விதிப்படி அவனைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அந்தக் குடத்தில் அவனுடைய முகமே தெரிந்தது. புருவம் இரண்டும் நெற்றியில் ஏறி, தொப்பிக்குள் பாதி மறைந்து, யாருக்கோ ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கல்லைத் தவிர யாருமில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திரும்பக் கறுப்புப் பொத்தானை அமுக்கிச் சொல்லலாம். ஆனால் இருபது நிமிடம் கழித்துத்தான் அது ஊருக்குப் போகும். அதற்குள் விமானம் மேகத்துக்கு மேலே இருக்கும். இன்னொரு பொத்தான் இருந்தது. அதை அவன் தொட்டதே இல்லை. இல்லாத மனிதனாக நான்கு கோடை நின்றவனுக்கு அந்த ஒரு பொத்தான்தான் மரியாதை. அவன் கத்தினால் செவ்வாயே நிற்கும். பொய்யாகக் கத்த மாட்டான் என்று நம்பித்தான் அதைக் கொடுத்திருந்தார்கள்.

டேப்பைப் பல்லால் கிழித்தான்.

லூட்டி கூடத்தின் கதவில் கை வைத்தபோது பெட்டி அலறியது.

"கரடி! கரடி! கரடி!"

நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். பெட்டியில் யாரோ ஓடும் சத்தம், ஏதோ உருண்டு விழும் சத்தம், ஒடெட்டின் குரல், குடத்தைக் கழற்றிவிட்டாள் போலிருக்கிறது, தெளிவாகக் கேட்டது.

"எங்க? சகியாசி, எங்க கரடி?"

"இன்னும் வரல. கொஞ்சம் சும்மா இரு, அவசரம்" என்றான் சகியாசி. "லூட்டி! லூட்டி, கேக்குதா? ஈ! ஈ! ஈ!"

மூன்று முறை சொன்னான், கரடிக்குச் சொன்னது போலவே. கரடியென்று கத்திவிட்டு ஈ என்றதைக் கேட்டு ஒடெட்டின் முகத்தில் ஈயாடியிருக்காது என்று நினைக்கிறேன். அவள் அன்று மாலையே அவன் வேலையைப் பறித்தாள். மறு வாரம், "நீங்க அதிகமாப் பேச மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்று என்னிடம் கொடுத்தாள். அதெல்லாம் பிறகு.

அந்த நிமிடம் நாங்கள் எல்லோரும் லூட்டியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் கதவருகே பையோடு நின்றாள். கண் நிரம்பியது. அந்தப் பெட்டியைப் பார்த்து, மெதுவாக, இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

கூடம் மொத்தமும் பார்த்தது. பெட்டி பார்க்கவில்லை.

"லூட்டி?" என்றது பெட்டி. "லூட்டி, இருக்கியா? போயிட்டாளா? யாராவது சொல்லுங்கடா! நான் முதல்லயே சொன்னேன், புருவத்தைத் தூக்கினேன், ரொம்ப உயரத்துக்குத் தூக்கினேன், சத்தியமா, நாயைக் கேளுங்க..."

அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. புருவம் மட்டும் தூக்கியபடியே நின்றது. நான் பாய்ந்து போய் மைக்கை எடுத்தேன்.

"மச்சான், தூக்கிட்டா!"

"ஐயோ, பையையா?"

"புருவத்தைடா!"

"பொய் சொல்ற" என்றான். குரல் உடைந்திருந்தது. "நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். இதுவும் டயப்பர் பெட்டிதான். இன்னைக்காவது விளையாடாதடா, மச்சான். கெஞ்சிக் கேக்கறேன்."

அவனை நான் எத்தனையோ முறை அழவைக்கப் பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் முடிந்ததில்லை. இந்த ஒருமுறை உண்மையைச் சொன்னேன், அழுதான். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"புருவம்!" என்று ஊர் கத்தியது. மூக்குக் கட்சியும் சேர்ந்துதான் கத்தியது. விமானிகூடக் கத்தினான், என்னவென்று தெரியாமலே.

லூட்டி பையைக் கீழே வைத்தாள். வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கி வாயருகே வைத்தாள்.

"ஈ" என்றாள்.

அந்தப் பக்கம் பொத்தானை அமுக்கிய சத்தம் கேட்டது. காற்று. நாய் ஒருமுறை குரைத்தது. பொத்தானை விட்ட சத்தம்.

புருவமா மூக்கா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.